தோணி என்றுதான் காதில் விழுந்தது

பட்டாபிராம்
9 நவம்பர் 2025

தம்பி கிருபாகரனுக்கு,

அக்கா கோமளா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே, ஸ்பீடு போஸ்ட் வரிசையில் கால் கடுக்க நின்று அனுப்பியிருக்கிறேன். என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டாய். உன் பெண்டாட்டி எழிலரசி போனிலும் அதே கதை. வேறு வழி என்ன இருக்கிறது?

போன ஞாயிற்றுக்கிழமை வானகரம் வரைக்கும் வந்தேன். உங்கள் ஃபிளாட் கேட்டில் செக்யூரிட்டி என்னைப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்பினார், நீ பார்த்து அழுத்தினால்தான் உள்ளே விடுவாராம். கொஞ்ச நேரம் கழித்து, "டினைடுன்னு வந்துகீதும்மா, நான் இன்னா பண்றது?" என்றார். பெற்றவளைப் பார்க்க வந்தவளுக்கு டினைடு. அந்த மனுஷன் நல்லவர், பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நாலு பேர் முன்னால், "அம்மாவை நீதான் கொல்லப் பாக்குற" என்றாய். அதற்குப் பதில் சொல்கிறேன், கேள்.

பக்கவாதம் வந்த பிறகு அம்மா வாயில் மிச்சம் இருந்தது இரண்டு வார்த்தை. ஒன்று 'ஊடு'. இன்னொன்று 'தோணி'. விடிந்தால் ஊடு, தோணி. சோறு ஊட்டினால் ஊடு, தோணி. எட்டு மாதம் என் வீட்டில் இருந்தாள், எட்டு மாதமும் இதுதான். நம் குடும்பத்தில் ஊடு என்றால் எது, நீயே சொல். ஆவடியில் அப்பாவின் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தோம், ஆனால் அதை நாம் ஊடு என்று சொன்னதுண்டா? ஸ்கூல் விட்டால் "குவாட்டர்ஸுக்குப் போறேன்" என்போம். அப்பாவுக்கு ஊடு என்றால் அது பழவேற்காடுதான். அவருடைய தாத்தா கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தோணியில் ஏற்றி, பக்கிங்காம் கால்வாய் வழியாக மெட்ராஸுக்கு அனுப்பிய கதையைக் கேட்காமல் நாம் என்றைக்காவது தூங்கியிருக்கிறோமா? டச்சுக்காரன் காலத்துத் தூண் வைத்த வீடு, அதன் பின்னால் படகுத்துறை. "ஒரு நாளு அல்லாரும் தோணியிலயே கால்வாய் வழியா ஊட்டுக்குப் போவணும்" என்பார். கடைசி வரைக்கும் பொன்னேரி பஸ்ஸில்தான் போனோம்.

அப்படி இருக்க, அம்மா ஊடு, தோணி என்றால் நான் என்ன நினைப்பேன்? கூட்டிப்போனேன்.

அத்திப்பட்டுப் பக்கத்தில் நாகேந்திரன் என்று ஒருவர், நல்ல மனுஷன். அவருடைய ஃபைபர் படகில் நாற்காலியைக் கயிற்றால் கட்டி அம்மாவை உட்கார வைத்தோம். வடக்கே கால்வாயோடு போனோம். ஒரு பக்கம் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள், தூரத்தில் துறைமுகத்துக் கிரேன்கள். இன்னொரு பக்கம் கண்டல் செடியும் கொக்கும். போகப் போக இரண்டு பக்கமும் வெறும் மணலும் தண்ணீரும்தான். தண்ணீர் கலங்கல். ஆனாலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, கிருபா. அப்பா கதைகளை அம்மாவுக்கே திருப்பிச் சொல்லிக்கொண்டு போனேன்.

துறையில் அம்மா இறங்க மாட்டேன் என்றாள். நல்லாயிருக்கிற இடது கையால் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். "ஆயா பயப்படுதுக்கா" என்றார் நாகேந்திரன். நாற்காலியோடு தூக்கிப் போனோம். திரும்பி வரும்போது பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. என் சேலை, குடை, தார்ப்பாய் எல்லாவற்றையும் அவள் மேல்தான் போட்டேன். காய்ச்சல் வந்தது, சளி கட்டியது. அதற்கு மேல் உனக்குத் தெரியும்.

ஆசைப்பட்டதைச் செய்தேன். அதற்கா டினைடு?

அக்கா
கோமளா

*

வானகரம்
16 நவம்பர் 2025

கோமளா அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. தமிழில் கையால் எழுதிப் பல வருஷமாகிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். போனில் பேசினால் நீங்கள் அழுவீர்கள், நான் கத்துவேன். அதனால் நானும் கடிதமே எழுதுகிறேன்.

அம்மாவுக்குச் சளி குறைந்திருக்கிறது. இதயம் பலவீனமாகிவிட்டது. கஞ்சியை ஸ்பூனில் கொடுக்கிறோம். டாக்டர் நாள் சொல்ல மறுக்கிறார், ஆனால் முகத்தைப் பார்த்தால் தெரிகிறது. அந்த மழைக்கு முன்னால் அம்மா கைத்தடி ஊன்றி நாலு அடி வைப்பார். இப்போது அதுவும் இல்லை.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அம்மா தோணி என்று சொல்லவில்லை. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்கிறேன். 'தண்ணி' என்கிறார். கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், அது வேறு விஷயம். பகலில் பார்த்துக்கொள்ள வருகிற சிம்ரன் என்கிற பெண், "மணி கேக்குறாங்க சார்" என்று கடிகாரத்தைக் காட்டுகிறாள். நாக்கு புரளாதவர் சொல்வதில் பின்பாதி மட்டும்தான் காதில் விழுகிறது. முன்பாதியை அவரவர் போட்டுக்கொள்கிறோம்.

நீங்கள் போட்டுக்கொண்டது அப்பாவின் தோணி. அப்பாவுக்கு நீங்கள்தான் செல்லம். அவருடைய ஆசையை நிறைவேற்ற அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனீர்கள். அம்மாவுக்கு அந்த ஊரில் என்ன இருக்கிறது? அவர் பெரம்பூரில் பிறந்தவர்.

தயவுசெய்து கேட்டுக்கு வர வேண்டாம்.

இப்படிக்கு,
கிருபாகரன்

*

பட்டாபிராம்
30 நவம்பர் 2025

கிருபா,

நீங்கள். நீங்களாம்! உன்னை இடுப்பில் தூக்கிச் சுமந்து என் இடுப்பே ஒரு பக்கம் சாய்ந்துபோனது. என்னை 'நீங்கள்' என்று எழுத உனக்குக் கை வந்ததா? அதற்கு நாலு கெட்ட வார்த்தையில் திட்டியிருக்கலாம், வாங்கிக்கொண்டு போயிருப்பேன். பேங்க்கில் இருந்து வருகிற லெட்டர் மாதிரி இருந்தது. இரண்டு நாள் பையிலேயே வைத்துக்கொண்டு கம்பெனிக்கும் வீட்டுக்கும் அலைந்தேன்.

ஆனால் நீ சொன்ன ஒன்று குத்திவிட்டது. அதனால்தான் பதில் எழுத இவ்வளவு நாள் ஆனது.

போன கடிதத்தில் சிலதை நான் எழுதவில்லை. படகில் அம்மா தண்ணீரைப் பார்க்கவே இல்லை. இடது கையை நீட்டிப் படகின் பக்கப் பலகையைத் தட்டிக்கொண்டே வந்தாள். தட்டுவாள், தடவுவாள், மேலே கொஞ்சம் தள்ளித் தடவுவாள். எதையோ தேடுகிற மாதிரி. தோணியைத்தான் தட்டிக் காட்டுகிறாள், சந்தோஷத்தில் தட்டுகிறாள் என்று நினைத்தேன். "ஆமாம்மா, தோணிதான்" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சின்ன வயசில் கணக்கைத் தப்பாகப் போட்டால் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

ஊரில் அப்பா வீடு இருந்த தெருவுக்குப் போனோம். வீடு இல்லை. இறால் வியாபாரிக்குக் குடோன் ஆகிவிட்டது. ஒரே ஒரு தூண் மட்டும் சுவரோடு சேர்ந்து நிற்கிறது, அதில் கேபிள் ஒயரைக் கட்டியிருக்கிறார்கள். நான் அதைத் தொட்டு அழுதேன். திரும்பிப் பார்த்தால் அம்மா முகத்தை அந்தப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டிருக்கிறாள். டச்சுக்காரன் கல்லறை வாசலில் செதுக்கின எலும்புக்கூட்டைக் காட்டினேன், கோயிலைக் காட்டினேன். "ஊடு" என்றாள். "இதான்மா ஊடு" என்றேன். தலையை ஆட்டினாள், இல்லை என்று. களைப்பில் ஆட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேனா, நினைக்க விரும்பினேனா, தெரியவில்லை.

நீ கெட்டிக்காரன், கம்ப்யூட்டரில் தப்பு கண்டுபிடிக்கிறவன். கண்டுபிடி. அவள் எதைக் கேட்கிறாள்? நான் தோற்றேன் என்றே வைத்துக்கொள், எனக்கு வருத்தம் இல்லை. அவள் கேட்டது கிடைக்காமல் போய்விடக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஒரு தடவை பார்க்க விடு. பேச மாட்டேன், அழ மாட்டேன். பால்காரன் மாதிரி வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போகிறேன்.

கோமளா

*

வானகரம்
2 ஜனவரி 2026

அக்கா,

நேற்று ஒன்று நடந்தது. ஆபீஸில் வேலை ஓடவில்லை, வந்து எழுதுகிறேன்.

புது வருஷக் காலண்டரை மாட்ட எழிலரசி அம்மா இருக்கிற ரூமுக்கு வந்தாள். கையில் சுத்தியல். நான் ஹாலில் இருந்து கத்தினேன். "சொவுத்துல ஆணி கீணி அடிக்காதே, ஓனர் அட்வான்ஸ்ல புடிப்பான். நம்ம ஊடா இது?"

அம்மா கட்டிலை ஓங்கி அடித்தார். இடது கையால், பட் பட்டென்று. எழிலரசி பயந்துபோய்க் காலண்டரைக் கீழே போட்டுவிட்டாள். நான் ஓடிப்போனேன். அம்மா என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். வாய் கோணி, எச்சில் வழிய, ஆனால் முழுசாகச் சொன்னார். "ஆணி."

"ஆணியாம்மா?" என்றேன். கண்ணில் இருந்து பொலபொலவென்று தண்ணீர் வந்தது. எழிலரசி கையில் இருந்த ஆணியை வாங்கி உள்ளங்கையில் மூடிக்கொண்டார். தூங்கும்போதும் விடவில்லை. குத்திவிடப் போகிறது என்று எடுக்கப் பார்த்தேன், முடியவில்லை.

தோணி இல்லை. தண்ணி இல்லை. மணியும் இல்லை. ஊடு, ஆணி. இத்தனை மாதமாக ஒரு மனுஷி ஆணி ஆணி என்று கத்தியிருக்கிறார்.

என்ன ஆணி? எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. உனக்குத் தெரிந்திருக்கும், நீ பெரியவள். சீக்கிரம் எழுது. அம்மா சாப்பிடுவது நாளுக்கு நாள் குறைகிறது.

கிருபா

*

பட்டாபிராம்
5 ஜனவரி 2026

என் கண்ணு கிருபா,

தெரியும். உன் கடிதத்தை பஸ் ஸ்டாண்டிலேயே பிரித்துப் படித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் நின்ற பெண் சோடா வாங்கிக் கொடுத்தாள்.

நீ அப்போது தவழ்கிற குழந்தை. நான் அஞ்சாம் வகுப்பு. அப்பா குவார்ட்டர்ஸ் சுவரில் ஒரு ஆணிகூட அடிக்க விடமாட்டார், ஞாபகம் இருக்கிறதா? சாமி படமே ஜன்னல் கம்பியில் கயிறு கட்டித் தொங்கும். "சர்க்கார் சொவுரு. காலி பண்றப்ப பதில் சொல்லணும்" என்பார். ஃபேக்டரியில் எத்திராஜ் என்றால் ஒழுங்குக்குப் பெயர் போனவர் இல்லையா, அந்தப் பெருமை அவருக்கு. ஒரு நாள் அம்மா சமையலறைச் சுவரில், அடுப்புக்கு நேர் மேலே, குழவிக்கல்லால் தட்டி ஓர் ஆணி அடித்துவிட்டாள். அப்பா வந்து பார்த்துவிட்டுக் கத்தின கத்தில் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் எல்லாம் ரேடியோவை நிறுத்திவிட்டார்கள். "சர்க்கார் சொவுத்துல ஆணி அடிக்கிறியே, உங்கப்பன் ஊடா இது?" என்றார்.

அம்மா அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. அன்றைக்குச் சொன்னாள். கையில் குழவிக்கல்லோடு நின்று சொன்னாள். "எங்கப்பன் ஊடு இல்ல. உங்கப்பன் ஊடும் இல்ல. என் ஊடு இது."

அப்பா சாப்பிடாமல் படுத்துவிட்டார். அந்த ஆணியில் அவள் மாட்டியது ஒரு வட்டக் கண்ணாடி, ஆவடி மார்க்கெட்டில் வாங்கியது. முகம் பார்க்க இல்லை, கிருபா. அடுப்பு முன்னால் நின்றால் வாசல் முதுகுக்குப் பின்னால் போய்விடும். யார் வருகிறார்கள் என்று தெரிய வேண்டுமே. அவள் திரும்பவே மாட்டாள். நான் பையோடு படியேறும்போதே, "கோமு வந்துட்டா" என்பாள். கண்ணாடி என்று தெரியாமல், அம்மாவுக்கு முதுகிலும் கண் இருக்கிறது என்று ஸ்கூலில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அப்பா ரிட்டையர் ஆகிக் காலி செய்தபோது, "ஆணியப் புடுங்கிட்டு வா" என்று அவளைக் கடைசியாக உள்ளே அனுப்பினார். கண்ணாடியை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பிடுங்கிவிட்டேன் என்று தலையாட்டினாள். அவள் பிடுங்கவில்லை, ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கண்ணாடி என்னிடம்தான் இருக்கிறது.

அவளுடைய ஊடு அதுதான். ரயிலில் நான் தினமும் தாண்டிப் போகிற இடம். அதை விட்டுவிட்டு அவளைக் கால்வாயில் ஏற்றி, மழையில் நனைத்து, அவளுக்குச் சம்பந்தமில்லாத ஒரு தூணைக் காட்டி அழுதேன். அவளுக்கு ஊடு எது என்று நாம் யாரும் கேட்டதே இல்லை.

கூட்டிப்போகலாம். அப்பாவோடு வேலை செய்த சிவராமன் சார் இன்னும் சர்வீஸில் இருக்கிறார். ஆவடி குவார்ட்டர்ஸுக்குள் போக அவர் பாஸ் வாங்கித் தருவார், நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். உன்னிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. எந்த நாள் என்று எனக்கு முன்னாலேயே சொல். அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனியில் போனை வாசலிலேயே வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள், சாயங்காலம்தான் கொடுப்பார்கள். திடீரென்று கூப்பிட்டால் எனக்குத் தெரியாது. முன்னால் சொன்னால் லீவு போட்டுவிட்டு, கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஆவடியில் வந்து நிற்பேன்.

அக்கா

*

வானகரம்
5 பிப்ரவரி 2026

அக்கா,

பதினாறாம் நாள் காரியம் முடிந்துவிட்டது. ஒரே பந்தலில் மூன்று மணி நேரம் இருந்தோம். நீ என் பக்கம் திரும்பவில்லை, நானும் உன் முன்னால் வந்து நிற்கவில்லை. இப்போது உன் நம்பரைப் பிளாக்கில் இருந்து எடுத்துவிட்டேன். ஆனால் போன் செய்ய எனக்குத் தைரியம் இல்லை. அன்றைக்கு நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும், எழுதிவிடுகிறேன்.

சிவராமன் சார் பொங்கல் கழிந்த திங்கட்கிழமைக்குப் பாஸ் வாங்கிக் கொடுத்தார். சனிக்கிழமையே எனக்குத் தெரியும். உன்னிடம் சொல்லவில்லை. கண்டுபிடித்தவன் நான், நான்தான் அழைத்துப்போக வேண்டும் என்று ஒரு பிடிவாதம். படகில் நீ தனியாகத்தானே கூட்டிப்போனாய் என்ற கோபம் வேறு. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

குவார்ட்டர்ஸில் இப்போது இருக்கிற பெண் பெயர் நிஷா. திருநெல்வேலிப் பக்கம். "உள்ள வாங்கம்மா, உங்க வீடுதானே" என்றாள் வாசலிலேயே. அம்மா அவள் கன்னத்தைத் தடவினார். நானும் அவள் புருஷனும் நாற்காலியோடு தூக்கிச் சமையலறையில் வைத்தோம். ஆணி இருந்தது, அக்கா. சுண்ணாம்பு மேலே சுண்ணாம்பு அடித்து மொழுக்கென்று ஆகிவிட்டது. அதில் அந்தப் பெண் சாவிக்கொத்தை மாட்டியிருந்தாள். சட்டென்று எடுத்துவிட்டாள். அம்மா கையைத் தூக்கி அந்த ஆணியைப் பிடித்துக்கொண்டார். படகில் தேடினார் என்று எழுதினாயே, அதே மாதிரி தடவி, பிடித்துக்கொண்டார். சிரித்தார். பக்கவாதம் வந்த பிறகு நான் பார்த்த ஒரே சிரிப்பு.

அப்புறம் கண்ணாடி இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெறும் சுவர். கஷ்டப்பட்டுக் கழுத்தைத் திருப்பி வாசலைப் பார்த்தார். நிஷா டீ போட்டுக் கொடுத்தாள், இரண்டு ஸ்பூன் குடித்தார். "போலாமாம்மா?" என்றேன். தலையை ஆட்டினார், மாட்டேன் என்று. இன்னும் கொஞ்சம் கழித்துக் கேட்டேன். அப்போது சொன்னார். அவ்வளவு நாளில் சேர்த்துச் சொன்ன ஒரே பேச்சு.

"கோமு இன்னும் வர்ல."

வெளியே ஓடிவந்து உன் நம்பரை எடுத்தேன். அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன். உன் போன் பெட்டிக்குள் இருக்கிறது என்று நீயே எழுதியிருந்தாய். கம்பெனி ஆபீஸ் நம்பர் கூட என்னிடம் இல்லை. அம்பத்தூர் பக்கம்தானே, கார் எடுத்துக்கொண்டு வந்து அழைத்துப்போகலாம் என்று கிளம்பினேன். அம்மாவை யாரோ வீட்டில் விட்டுவிட்டு எப்படி வருவது என்று திரும்பிவிட்டேன். அம்மா வாசலைப் பார்த்தபடியே தூங்கிப்போனார். தூக்கத்திலேயே காரில் ஏற்றினேன். வழியில் பருத்திப்பட்டு ஏரி தாண்டும்போது கண் விழித்தார். வெளியே பார்த்தார். அதற்குப் பிறகு ஊடு என்று சொல்லவில்லை, ஆணி என்றும் சொல்லவில்லை. மறுநாள் விடியற்காலையில் போய்விட்டார்.

நீ வந்திருந்தால் நிம்மதியாகப் போயிருப்பார். அதை நான் கெடுத்தேன். உன்னை ஆஸ்பத்திரி வராந்தாவில் சொன்னேனே, அதை இப்போது எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

கிருபா

*

பட்டாபிராம்
9 பிப்ரவரி 2026

கிருபா,

அன்றைக்குச் சாயங்காலம் பெட்டியில் இருந்து போனை வாங்கினபோது திரை முழுக்க உன் பெயர். பிளாக் செய்தவன் கூப்பிட்டிருக்கிறானே, மனசு மாறிவிட்டான் என்று சந்தோஷப்பட்டேன். சமோசா வாங்கிப் பக்கத்து மிஷின்காரிக்குக் கொடுத்தேன். திருப்பி அடித்தால் நீ எடுக்கவில்லை. தூங்கும்போதும் சந்தோஷமாகவே தூங்கினேன்.

உன் மேல் கோபம் தீரவில்லை. தீரும் என்றும் தோன்றவில்லை. ஒரே ஒன்று கேட்டேன், ஒரே ஒன்று. தெருவில் உன் வயசில் யாரைப் பார்த்தாலும் நாலு அறை விட வேண்டும் போல இருக்கிறது. "கோமு இன்னும் வர்ல" என்றாளே, அதை நீ எழுதாமல் மறைத்திருக்கலாம். மறைத்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது, உனக்கும் நல்ல பெயர். எழுதிவிட்டாய். அந்த ஒரு வரியை மடித்து ரவிக்கையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறேன்.

நீ மட்டும்தான் கெடுத்தாய் என்று எழுதாதே. நான் தோணி என்றேன், நீ தண்ணி என்றாய். நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் அவளை இத்தனை மாதம் அலைய வைத்தோம். அடுத்த வருஷம் தெவசத்துக்குப் பழவேற்காடு வேண்டாம், நிஷா வீட்டில் ஒரு தேங்காய் உடைத்தால் போதும். அவளிடம் நான் கேட்டுக்கொள்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வானகரம் வருகிறேன். எனக்கு இனிமேல் அக்கா என்று கூப்பிட உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? கண்ணாடியைக் கொண்டு வருகிறேன். உங்கள் சமையலறையில் எழிலரசி அடுப்பு முன்னால் நின்றால் வாசல் முதுகுப் பக்கம்தானே? அங்கே மாட்டு. நான் வந்தால் யாருக்காவது தெரியட்டும்.

அம்மா கையில் மூடி வைத்திருந்த ஆணியை, அவளைக் குளிப்பாட்டும்போது நான் எடுத்து வைத்தேன். அதுவும் என் பையில் இருக்கிறது. அதையே அடிக்கலாம். ஓனர் வந்து கத்தினால், எங்கள் அம்மா அடித்தது என்று சொல்.

கேட்டில் என் படம் வரும். பார்த்து அழுத்து.

அக்கா